கொள்கையும் நடைமுறையும்: நெல்சன் மண்டேலாவின் ஆட்சித் தலைமை (1994-1999)

முன்னுரை

விடுதலை இயக்கம் ஒன்றின் தலைவர் நாட்டின் தலைவராகப் பொறுப்பேற்கும்பொழுது இருவகைக் கடமைகளுக்கு உட்படுகிறார். இயக்கம் பல்லாண்டுகளாக மக்களுக்கு அளித்து வந்த உறுதிமொழிகளைக் காப்பது ஒரு கடமை. கருவூலம், படை, அலுவலர் அமைப்பு, வெளிநாட்டுக் கடன், எதிர்த்தரப்பினரின் அச்சம் ஆகியவற்றைக் கணக்கிட்டு நாட்டை நடத்துவது மற்றொரு கடமை. இவ்விரண்டும் முரண்படும் இடத்தில் தலைவர் எதனைத் தேர்கிறார் என்பது அரசியல் வரலாற்றில் அடிக்கடி எழுப்பப்படும் வினாவாகும். திருக்குறளின் பொருட்பால் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளது. வினையின் சிறப்பை மட்டும் கருதாது, அதனைச் செய்வோரின் ஆற்றலையும் காலத்தையும் களத்தையும் சீர்தூக்க வேண்டும் என்னும் சிந்தனை தமிழ் மரபுக்குப் புதியதன்று. நடைமுறை நோக்கு என இக்கட்டுரை சுட்டுவது இதனையே.

தென்னாப்பிரிக்காவின் முதல் மக்களாட்சிக் குடியரசுத்தலைவராக 1994 மே 10ஆம் நாள் பொறுப்பேற்ற நெல்சன் மண்டேலாவின் தலைமை இவ்வினாவை ஆராய்தற்குத் தக்க களமாக அமைகிறது. அவரைக் கொள்கையைக் கைவிட்டவர் எனக் குறைகூறுவோரும், கொள்கைப் பிடிவாதத்தைக் கடந்த பெருந்தலைவர் எனப் போற்றுவோரும் உளர். இவ்விரு தரப்பினரும் அவர் எதனை விட்டுக்கொடுத்தார் என்பதையே பெரிதும் நோக்குகின்றனர். அவ்விட்டுக்கொடுப்புகள் கட்சிக்குள் எம்முறையில் முடிவு செய்யப்பட்டன என்பதையும் உடன் நோக்கினாலன்றி அவற்றின் பின்விளைவுகள் விளங்கா என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடுதலைச் சாசனம்: கொள்கையின் தோற்றம்

ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 1912ஆம் ஆண்டு தோன்றியது. அதன் கொள்கை ஆவணங்களுள் முதன்மையானது விடுதலைச் சாசனம். ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள கிளிப்டவுனில் 1955 ஜூன் 25, 26 ஆகிய நாள்களில் கூடிய மக்கள் பேரவை இதனை ஏற்றது. ஆப்பிரிக்கர்களோடு இந்தியர்கள், கலப்பினத்தவர், வெள்ளையர் ஆகியோரின் அமைப்புகளும் அப்பேரவையில் பங்கேற்றன. 1860 முதல் நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் உள்ளிட்ட இந்தியர்களின் வழிவந்தோர் நடத்திய தென்னாப்பிரிக்க இந்தியர் காங்கிரஸ் அவற்றுள் ஒன்று. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவர் சூமாவும், இந்திய அமைப்புகளின் தலைவர்களான நாயக்கர், தாதூ ஆகியோரும் 1947 மார்ச்சு 9ஆம் நாள் செய்துகொண்ட 'மருத்துவர்கள் உடன்பாடு' இக்கூட்டணிக்கு வழிவகுத்திருந்தது. மூவரும் மருத்துவர்களாதலின் அவ்வுடன்பாடு அப்பெயர் பெற்றது.

சாசனத்தின் இரு கூறுகள் பின்னைய விவாதங்களுக்கு அடிப்படையாயின. தென்னாப்பிரிக்கா அதில் வாழும் கறுப்பர், வெள்ளையர் அனைவருக்கும் உரியது என்பது முதற்கூறு. நிலத்தடிக் கனிமவளம், வங்கிகள், முற்றுரிமைத் தொழில்கள் ஆகியன மக்கள் அனைவரின் உடைமையாக மாற்றப்படும் என்பது இரண்டாம் கூறு. முதற்கூற்றை ஏற்க மறுத்த ஆப்பிரிக்கவாதிகள் 1959இல் பிரிந்து சென்று பான் ஆப்பிரிக்கன் காங்கிரசை நிறுவினர். இரண்டாம் கூற்றைப் பொதுவுடைமைச் சதிக்குச் சான்றாகக் காட்டி, 156 பேர் மீது நாட்டுத்துரோக வழக்குத் தொடுத்தது நிறவெறி அரசு. 1961இல் அவ்வழக்கு விடுதலைத் தீர்ப்போடு முடிந்தது.

சாசனத்திற்கு மண்டேலா தொடக்கத்திலேயே தந்த விளக்கம் கருதத்தக்கது. 1956இல் 'லிபரேஷன்' இதழில் அவர் எழுதிய கட்டுரையில், இச்சாசனம் சமதர்ம அரசுக்கான திட்டமன்று எனவும், முற்றுரிமை நிறுவனங்கள் உடைக்கப்படும்பொழுது வெள்ளையரல்லாத மக்களிடையே தொழில் முனைவோர் வளர்வதற்கு வழி பிறக்கும் எனவும் வாதிட்டார். 1964 ஏப்ரல் 20ஆம் நாள் ரிவோனியா வழக்கில் குற்றவாளிக் கூண்டிலிருந்து ஆற்றிய உரையிலும், சாசனம் கூறும் நாட்டுடைமையாக்கம் தனியார் தொழில்முறையை அடிப்படையாகக் கொண்ட பொருளாதாரத்திற்குள்ளேயே நிகழும் என அவர் தெளிவுபடுத்தினார். பல இனத்தாரும் பல கருத்தினரும் கூடி உருவாக்கிய இச்சாசனம் தன்னளவிலேயே ஓர் இணக்க ஆவணம் என்பதும், நாட்டுடைமையாக்கம் மண்டேலாவைப் பொறுத்தவரை வழியேயன்றி முடிவன்று என்பதும் இவற்றால் புலனாகின்றன.

நாட்டுடைமைக் கொள்கையின் மாற்றம் (1990-1992)

சிறையிலிருந்து வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1990 ஜனவரியில், மண்டேலா வெளியிட்ட குறிப்பு ஒன்று சுரங்கங்களையும் வங்கிகளையும் முற்றுரிமைத் தொழில்களையும் நாட்டுடைமையாக்குவதே கட்சியின் கொள்கை என்றும், அதில் மாற்றம் என்பது எண்ணவும் இயலாதது என்றும் உறுதிபடக் கூறியது. அரசோடு தனித்துப் பேசிய அவர் கொள்கையை விலைபேசிவிட்டாரோ என்னும் ஐயம் இயக்கத்தினரிடையே நிலவிய காலம் அது. அவ்வையத்தை நீக்க அக்குறிப்பு உதவியது. பிப்ரவரி 2இல் குடியரசுத்தலைவர் டி கிளார்க் கட்சி மீதான தடையை நீக்கினார். பிப்ரவரி 11இல் மண்டேலா 27 ஆண்டுச் சிறைவாழ்விலிருந்து விடுதலை பெற்றார். 1991 ஜூலையில் டர்பனில் கூடிய மாநாடு, ஆலிவர் தாம்போவை அடுத்து அவரைக் கட்சித் தலைவராகத் தேர்ந்தது.

கட்சி ஆட்சியை நெருங்கியபொழுது உலகச் சூழல் மாறியிருந்தது. நாட்டுடைமைப் பொருளாதாரத்தின் முன்மாதிரியாகக் கருதப்பட்ட சோவியத் ஒன்றியம் 1991 இறுதியில் கலைந்தது. உள்நாட்டிலோ, 1985இல் வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்து, அரசு கடன் தவணைகளை நிறுத்திவைத்தது முதல் பொருளாதாரம் தேங்கிக் கிடந்தது. முதலீடு வாராமல் வீடோ, பள்ளியோ, குடிநீரோ மக்களுக்குத் தர இயலாது என்னும் உண்மையைப் புதிய ஆட்சியாளர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

1992 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் நடைபெற்ற உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தில் டி கிளார்க், இன்காத்தா கட்சித் தலைவர் புத்தலேசி ஆகியோருடன் மண்டேலா கலந்துகொண்டார். அங்குச் சந்தித்த முதலீட்டாளர்கள் நாட்டுடைமைக் கொள்கையை எதிர்த்தனர். எனினும் அவர் மனத்தை மாற்றியவர்கள் அவர்கள் மட்டுமல்லர். பொதுவுடைமைக் கட்சிகளின் ஆட்சியிலுள்ள சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளின் பிரதிநிதிகளும் தம் நாடுகளில் தனியார் முதலீட்டுக்கு இடமளிக்கப்பட்டு வருவதை அவரிடம் எடுத்துரைத்தனர். கொள்கையுறவுடைய நட்பு நாடுகளின் பட்டறிவு, வணிகர்களின் எதிர்ப்பைவிட அவரிடம் மிகுந்த செல்வாக்குப் பெற்றது எனலாம்.

தாவோசிலிருந்து திரும்பிய மண்டேலா இம்மாற்றத்தைத் தம் தனி முடிவாக அறிவித்துவிடவில்லை என்பது இங்கு முதன்மையானது. 1992 மே மாதம் கூடிய கட்சியின் கொள்கை மாநாடு இது குறித்து விவாதித்தது. 'ஆளத் தயார்' என்னும் அம்மாநாட்டு ஆவணம், பொதுத்துறையை விரிப்பதா சுருக்குவதா என்பது ஒவ்வொரு துறையிலும் சான்றுகளைச் சீர்தூக்கி முடிவு செய்யப்படும் எனக் கூறியது. நாட்டுடைமையாக்கம் கட்டாயக் கொள்கை என்னும் நிலையிலிருந்து இறங்கி, அரசின் கையிலுள்ள கருவிகளுள் ஒன்றாயிற்று. தலைவர் மாற்றத்தை முன்மொழிந்தார். மாநாடு அதனைத் திருத்தி ஏற்றது. அதனால் அம்மாற்றம் கட்சியின் முடிவாயிற்று.

காலவரையறைக் கூறுகளும் கட்சி விவாதமும்

1991 டிசம்பரில் கெம்ப்டன் பார்க்கில் தொடங்கிய அரசியலமைப்புப் பேச்சுவார்த்தை 1992 மே மாதம் முட்டுப்பட்டது. பெரும்பான்மையினரின் ஆட்சியைச் சிறுபான்மையினர் தடுத்து நிறுத்தும் உரிமையைத் தேசியக் கட்சி நிலையாகக் கோரியதே அதற்குக் காரணம். ஜூன் 17இல் பொய்பாத்தாங் குடியிருப்பில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின் பேச்சுவார்த்தையிலிருந்து ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் விலகியது. செப்டம்பர் 7இல் சிஸ்கை தன்னாட்சிப் பகுதியின் படையினர் பிஷோவில் பேரணியினர் மீது சுட்டதில் மேலும் பலர் மாண்டனர். மக்கள் திரள் போராட்டத்தால் அரசைக் கவிழ்த்துவிடலாம் எனக் கருதியோரும் இழப்பின் அளவை உணர்ந்தனர்.

இந்நிலையில் பொதுவுடைமைக் கட்சியின் மூத்த தலைவரான ஜோ ஸ்லோவோ, அக்கட்சியின் இதழில் ஒரு முன்மொழிவை வைத்தார். எதிரி போரில் தோற்றவனல்லன். ஆகவே பேச்சுவார்த்தை மேசையில் அவன் முழுமையாகச் சரணடைவான் என எதிர்பார்த்தல் தவறு என்பது அவர் வாதத்தின் அடிப்படை. குறிப்பிட்ட காலத்திற்குக் கட்டாயக் கூட்டாட்சி, பழைய அலுவலர்களின் பணிக்கும் ஓய்வூதியத்திற்கும் உறுதி ஆகியவற்றை விட்டுக்கொடுக்கலாம் என்றார். அதே வேளையில் எவற்றை விட்டுக்கொடுக்கலாகாது என்பதையும் அவர் வரையறுத்தார். பெரும்பான்மை ஆட்சியை நிலையாகத் தடுக்கும் எவ்வேற்பாடும் அவற்றுள் முதன்மையானது.

இம்முன்மொழிவு கட்சிக்குள் கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. பேலோ ஜோர்டான், ஹாரி குவாலா முதலியோர் இதனை வெளிப்படையாகவே மறுத்தனர். பல மாத விவாதத்திற்குப் பின்னர், 1992 இறுதியிலும் 1993 தொடக்கத்திலும், கட்சியின் தேசியச் செயற்குழு ஐந்தாண்டுக் கால ஒற்றுமை அரசு என்னும் வடிவத்தை ஏற்றது. மண்டேலா இம்முன்மொழிவை ஆதரித்தார். எனினும் அதனைக் கட்சியின் இடதுசாரி அணியின் பெருமதிப்பைப் பெற்ற ஒருவரே முன்வைத்தமையும், எதிர்ப்போர் தம் கருத்தைக் கூற முழு வாய்ப்புப் பெற்றமையும் அது நிலைபெறக் காரணங்களாயின. 1993 ஏப்ரல் 10இல் இளைஞர்களின் பேரன்புக்குரிய கிறிஸ் ஹானி கொல்லப்பட்டபொழுதும் கட்சி இவ்வழியிலிருந்து பிறழவில்லை. அவ்வாண்டு நவம்பர் 18இல் இடைக்கால அரசியலமைப்புக்கு உடன்பாடு எட்டப்பட்டது.

எல்லாவற்றிலும் தலைவரின் கருத்தே வென்றது எனவும் கூற இயலாது. வாக்குரிமை வயதை 14ஆகக் குறைக்கலாம் என 1993இல் மண்டேலா முன்மொழிந்தார். நிறவெறிக்கு எதிராகப் போராடி உயிர்நீத்த சிறுவர்களை எண்ணி எழுந்த கருத்து அது. கட்சி அதனை ஏற்க மறுத்தது. தலைவர் அம்முடிவுக்குப் பணிந்தார்.

ஒற்றுமை அரசின் அமைப்பு

1994 ஏப்ரல் இறுதியில் நடைபெற்ற தேர்தலில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 62.65 விழுக்காடு வாக்குகளும் 400இல் 252 இடங்களும் பெற்றது. தேசியக் கட்சி 82 இடங்களையும் இன்காத்தா 43 இடங்களையும் பெற்றன. அரசியலமைப்பைத் தனித்து இயற்றத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கட்சிக்குக் கிட்டவில்லை. கட்சியினர் சிலர் வருந்தினாலும், மண்டேலா இதனை நன்மையாகவே கருதினார். அரசியலமைப்பு ஒரு கட்சியின் ஆவணம் என்னும் குறை எழாது என்பது அவர் கருத்து.

இடைக்கால அரசியலமைப்பின்படி 20 இடங்கள் பெற்ற கட்சி அமைச்சரவையில் பங்கும், 80 இடங்கள் பெற்ற கட்சி துணைக் குடியரசுத்தலைவர் பதவியும் பெறும். இதன்படி தாபோ எம்பெக்கியோடு டி கிளார்க்கும் துணைக் குடியரசுத்தலைவரானார். புத்தலேசி உள்துறை அமைச்சரானார். சட்டம் கட்டாயப்படுத்தியவை இவை. சட்டத்தின் கட்டாயமின்றி மண்டேலா தாமே தேர்ந்தவற்றில்தான் அவருடைய நோக்கு மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. முந்தைய அரசின் நிதியமைச்சரான டெரிக் கீஸ் அப்பதவியில் நீடித்தார். அவர் விலகியபின் எக்கட்சியையும் சாராத வங்கியாளர் கிறிஸ் லீபன்பர்க் அமர்த்தப்பட்டார். ரிசர்வ் வங்கி ஆளுநர் கிறிஸ் ஸ்டால்சும் படைத்தலைவர் கேயார்க் மெய்ரிங்கும் தத்தம் பொறுப்பிலேயே தொடர்ந்தனர். கருவூலமும் துப்பாக்கியும் எவர் கையில் அஞ்சத்தக்கனவாக இருந்தனவோ அவரையே அவற்றிற்குப் பொறுப்பாக்குதல் இவ்வணுகுமுறையின் சாரம். ஆட்சி மாற்றம் படைப்புரட்சியின்றியும் மூலதன வெளியேற்றப் பீதியின்றியும் நிகழ்ந்ததற்கு இது முக்கியக் காரணமாயிற்று.

மறுசீரமைப்புத் திட்டத்திலிருந்து 'கியர்' வரை

தேர்தல் களத்தில் கட்சி முன்வைத்தது மறுசீரமைப்பு மற்றும் வளர்ச்சித் திட்டமாகும். தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கப் பேரவையின் முயற்சியால் உருவாகி, பொதுவுடைமைக் கட்சியும் மக்கள் அமைப்புகளும் பங்கேற்ற நீண்ட கலந்தாய்வில் அது வடிவம் பெற்றது. ஐந்தாண்டுகளில் பத்து இலட்சம் வீடுகள், வேளாண் நிலத்தில் 30 விழுக்காட்டை மறுபங்கீடு செய்தல், குடிநீர், மின்வசதி, நலவாழ்வு ஆகியன அதன் இலக்குகள். அப்பேரவையின் முதற் பொதுச்செயலாளராக விளங்கியவரும், டர்பனில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவருமான ஜே நாயுடு இத்திட்டத்திற்குப் பொறுப்பான அமைச்சரானார். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கட்டணமில்லா மருத்துவம் வழங்கும் அறிவிப்பு 1994 மே மாதத்திலேயே வெளிவந்தது.

இத்திட்டம் எதிர்பார்த்த விரைவில் நடைபெறவில்லை. தனித்தனியே இயங்கிய இனவாரி நிருவாகங்களை ஒன்றிணைப்பதிலேயே காலம் கழிந்தது. பழைய ஆட்சி விட்டுச்சென்ற கடனுக்கான வட்டி வரவு செலவுத் திட்டத்தில் பெரும்பங்கை விழுங்கியது. 1996 பிப்ரவரியில், மண்டேலாவின் உடல்நலம் பற்றிய வதந்தியைத் தொடர்ந்து, ராண்ட் நாணயத்தின் மதிப்பு சரியத் தொடங்கியது. மார்ச்சு மாத இறுதியில் மறுசீரமைப்புத் திட்ட அலுவலகம் மூடப்பட்டது. ட்ரெவர் மேனுவல் நிதியமைச்சராக அறிவிக்கப்பட்டார்.

1996 ஜூன் 14ஆம் நாள் 'வளர்ச்சி, வேலைவாய்ப்பு, மறுபங்கீடு' என்னும் திட்டத்தை மேனுவல் வெளியிட்டார். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அது 'கியர்' என வழங்கப்பட்டது. பற்றாக்குறையை உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காடாகக் குறைத்தல், நாணயக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துதல், அரசு நிறுவனங்களில் தனியார் பங்கை அனுமதித்தல் ஆகியன அதன் வழிகள். 2000ஆம் ஆண்டில் 6 விழுக்காடு வளர்ச்சியும் ஆண்டுக்கு 4,00,000 புதிய வேலைகளும் அதன் இலக்குகள்.

திட்டத்தின் உள்ளடக்கத்தைப் போன்றே அது வெளிவந்த முறையும் கருதத்தக்கது. சிறு வல்லுநர் குழு அதனை உருவாக்கியது. கூட்டணியில் இடம்பெற்ற தொழிற்சங்கப் பேரவையோடும் பொதுவுடைமைக் கட்சியோடும் முறையான கலந்தாய்வு நடைபெறவில்லை. அதன் அடிப்படைகள் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டவை அல்ல என அறிவிக்கப்பட்டது. அறிவிப்பைத் தாமதப்படுத்தினால் நாணயச் சந்தை மேலும் கலங்கும் என்னும் அச்சம் இவ்விரைவுக்குக் காரணமாகும். கட்சியே கூடத் திட்டம் ஏறத்தாழ முற்றுப்பெற்ற நிலையில்தான் அதனை அறிந்தது எனப் பின்னர் மண்டேலாவே ஒப்புக்கொண்டார். ஆயினும் அவர் அதிலிருந்து பின்வாங்கவில்லை. 1998 ஜூலையில் பொதுவுடைமைக் கட்சியின் மாநாட்டு மேடையிலேயே, 'கியர்' அரசின் அடிப்படைக் கொள்கை எனவும் அது மாறாது எனவும் கடிந்துரைத்தார்.

விளைவுகள் இருதிறப்பட்டன. பற்றாக்குறை குறைந்தது, பணவீக்கம் கட்டுக்குள் வந்தது, கடன் சுமை தணிந்தது. பின்னைய ஆண்டுகளில் சமூக உதவித்தொகைகளை விரிவாக்குவதற்கு இதுவே இடமளித்தது என்பர் திட்டத்தை ஆதரிப்போர். ஆனால் 1996 முதல் 2000 வரை எவ்வாண்டும் வளர்ச்சி 6 விழுக்காட்டை எட்டவில்லை. ஆசிய நிதி நெருக்கடியின் தாக்கத்தால் 1998இல் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. முறைசார் துறைகளில் வேலைவாய்ப்புப் பெருகுவதற்கு மாறாகச் சுருங்கியது. நில மறுபங்கீடு இலக்கின் மிகச்சிறு பகுதியளவே நிகழ்ந்தது. முதலீட்டாளரின் நம்பிக்கைக்காகச் செய்யப்பட்ட விட்டுக்கொடுப்பின் விலையை, வேலை இழந்த சுரங்கத் தொழிலாளியும் நெசவாலைப் பெண்ணும் செலுத்த வேண்டியதாயிற்று. அவர்களின் அமைப்புகளைக் கேளாமலேயே அம்முடிவு எடுக்கப்பட்டிருந்தது.

கட்சியின் விருப்பத்தை மறுத்த இடங்கள்

பொருளாதாரத்திற்குப் புறத்தேயும் மண்டேலா கட்சியின் விருப்பத்தை மறுத்த இடங்கள் உண்டு. பழைய நாட்டுப்பண்ணை நீக்கிவிடக் கட்சியின் செயற்குழுவில் பெரும்பான்மையோர் விரும்பியபொழுது, அவர் அதனை எதிர்த்து வாதிட்டு இரு பண்களும் நிலைபெறச் செய்தார். 1997இல் அவை ஒரே பண்ணாக இணைக்கப்பட்டன. வெள்ளையரின் ஆதிக்கச் சின்னமாகக் கருதப்பட்ட 'ஸ்பிரிங்பாக்' என்னும் ரக்பி அணிப் பெயரையும் அவர் காத்தார். 1995 ஜூனில் இளைஞர் நாள் கூட்டத்தில் அவ்வணியின் தொப்பியை அணிந்து பேசிய அவரைச் சொந்தக் கட்சியினரே கூச்சலிட்டு எதிர்த்தனர். அம்மாதம் 24இல் உலகக் கோப்பையை அவ்வணி வென்றபொழுது அந்நிலை மாறியது.

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் செய்தி இதனினும் ஆழமானது. தலைமைப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ தலைமையில் இயங்கிய அவ்வாணையம், நிறவெறி அரசின் கொடுமைகளோடு விடுதலை இயக்கத்தின் முகாம்களில் நிகழ்ந்த மனித உரிமை மீறல்களையும் பதிவு செய்தது. அறிக்கை வெளிவருவதைத் தடுக்க ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் நீதிமன்றத்தை நாடித் தோற்றது. 1998 அக்டோபர் 29ஆம் நாள் அவ்வறிக்கையை மண்டேலா குறைகளோடும் ஏற்பதாகக் கூறிப் பெற்றுக்கொண்டார். நடைமுறை நோக்கு என்பது எளிய வழியைத் தேர்வதாயின், கட்சியோடு இணங்கிச் செல்வதே இங்கு எளிய வழியாக இருந்திருக்கும். அவர் அதனைத் தேரவில்லை.

அயலுறவில் இதற்கு மறுதலையான போக்கும் உண்டு. விடுதலைப் போராட்டத்திற்குத் துணைநின்ற லிபியாவைக் கைவிடுமாறு அமெரிக்கா வற்புறுத்தியபொழுது, அவர் அதனைப் புறக்கணித்து 1997 அக்டோபரில் அந்நாட்டிற்குச் சென்றார். அந்நட்பே லாக்கர்பி விமான வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோரை 1999இல் விசாரணைக்கு ஒப்படைக்கச் செய்த முயற்சிக்கு உதவியது. இயக்கப் பற்றும் நடைமுறைப் பயனும் எப்பொழுதும் எதிரெதிர்த் துருவங்கள் அல்ல என்பதற்கு இது சான்று.

பின்விளைவுகள்

1997 டிசம்பரில் கட்சித் தலைமையை எம்பெக்கியிடம் ஒப்படைத்த மண்டேலா, ஒரே பதவிக்காலத்தோடு 1999 ஜூனில் ஆட்சியிலிருந்தும் விலகினார். அவருடைய விட்டுக்கொடுப்புகளின் வாழ்நாள் அதற்குப் பின்னரே தெளிவாயிற்று. கட்சிக்குள் விவாதித்து ஏற்கப்பட்ட காலவரையறைக் கூறுகள் ஓசையின்றிக் காலாவதியாயின. தேசியக் கட்சி 1996 ஜூன் இறுதியிலேயே ஒற்றுமை அரசிலிருந்து விலகியும் அரசமைப்பு குலையவில்லை. 'கியர்' திட்டத்தால் விளைந்த மனக்குறையோ ஆறாத புண்ணாக நீடித்தது. 2007 டிசம்பரில் போலோக்வானே மாநாட்டில் எம்பெக்கி கட்சித் தலைமையை இழந்தபொழுது, தொழிற்சங்கப் பேரவையும் பொதுவுடைமைக் கட்சியும் அவருக்கு எதிரணியில் நின்றன.

2012 ஆகஸ்டு 16இல் மாரிகானா பிளாட்டினச் சுரங்கத்தில் கூலி உயர்வு கேட்ட 34 தொழிலாளர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அடுத்த ஆண்டு தோன்றிய பொருளாதார விடுதலைப் போராளிகள் கட்சி, சுரங்கங்களையும் வங்கிகளையும் நாட்டுடைமையாக்கும் 1955ஆம் ஆண்டுக் கூற்றையே தன் கொடியில் ஏந்தியது. 2024 மே தேர்தலில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 40.18 விழுக்காடு வாக்குகளே பெற்று, முப்பதாண்டுப் பெரும்பான்மையை முதன்முறையாக இழந்தது. 1990களில் கட்சியின் முதன்மைப் பேச்சாளராக விளங்கிய சிரில் ராமபோசா மக்களாட்சிக் கூட்டணிக் கட்சியோடு மீண்டும் ஓர் ஒற்றுமை அரசை அமைத்தார். பொதுவுடைமைக் கட்சி அதனை எதிர்த்தது. மண்டேலா எதிர்கொண்ட வினா முப்பதாண்டுகளுக்குப் பின்னும் தீராமல் நிற்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. கட்சிக் கொள்கையை ஒரே தன்மையினதாகக் கொள்ளுதல் பொருந்தாது. விடுதலைச் சாசனம் இணக்கத்தில் பிறந்த ஆவணம். அனைவருக்கும் சம வாக்குரிமை, பெரும்பான்மை ஆட்சி, இன வேறுபாடற்ற குடியுரிமை ஆகியவற்றை மண்டேலா எந்நிலையிலும் விட்டுக்கொடுக்கவில்லை. உடைமை, பதவி, சின்னம் ஆகியவற்றையே பேச்சுக்குரியனவாக வைத்தார்.

2. 1992இல் நாட்டுடைமைக் கொள்கையின் தளர்வும் காலவரையறைக் கூறுகளும் கட்சியின் அவைகளில் வாதிடப்பட்டு முடிவாயின. அவற்றைக் கட்சி தன் முடிவாகக் காத்தது. 1996இல் 'கியர்' அவ்வழியில் வரவில்லை. அதன் பொருளியல் தகுதி எதுவாயினும், அது தலைமையின் முடிவாகவே நின்றது.

3. நடைமுறை நோக்கின் பெயரால் செய்யப்படும் விட்டுக்கொடுப்புகளை மதிப்பிடும்பொழுது, அதன் சுமையைத் தாங்குவோர் முடிவெடுக்கும் அவையில் இடம் பெற்றிருந்தனரா என்பது முதன்மை அளவுகோலாகக் கொள்ளத்தக்கது. 1993இல் பழைய அலுவலரின் பணி உறுதிக்கு ஒப்பியவர்கள், அதன் விலையைத் தாமே செலுத்த ஒப்பிய இயக்கத்தினர். 1996இல் அவ்வொப்புதல் கேட்கப்படவில்லை.

உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்ற நாட்டை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றமை மண்டேலாவின் நடைமுறை நோக்கு ஈட்டிய பெரும்பேறு. வலியும் காலமும் இடமும் அறிந்த தலைவர் அவர் என்பதில் ஐயமில்லை. அவ்வறிவைத் தம் இயக்கத்தாரோடு பகிர்ந்துகொண்ட இடங்களில் அவர் செயல் நிலைத்தது. பகிர வாய்ப்பளிக்காத இடத்தில், அவர் பெயரின் செல்வாக்கே அதனைத் தாங்க வேண்டியதாயிற்று.